கர்ப்பகாலத்தில் விற்றமின் டி: கொழும்பில் நடக்கும் சில தவறுகள்

வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளில், மூடிய கண்ணாடி யன்னலோரம் கதிரையைப் போட்டு அரைமணி நேரம் வெயில் காயும் கர்ப்பிணித் தாய்மாரைக் காணலாம். வெளிச்சமும் வெக்கையும் கண்ணாடியைக் கடந்து வந்தாலும், தோலில் விற்றமின் டி உருவாகத் தேவையான புறஊதா பி கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே ஆண்டு முழுவதும் வெயில் கொளுத்தும் ஊரில் விற்றமின் டி குறைபாடு வராது என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. வீடு, வாகனம், குளிரூட்டிய அலுவலகம் என்று நாள் கழிந்தாலோ, உடலை முழுவதும் மூடும் ஆடை அணிந்தாலோ, வெயில் தோலில் படுவதேயில்லை. கருமையான தோலுக்கு இன்னும் கூடுதலான நேரமும் வேண்டும்.

காலை இளவெயிலே சிறந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இவ்விடயத்தில் அவ்வளவு பொருந்தாது. சூரியன் சரிவாக இருக்கும் 7 மணி வெயிலில் புறஊதா பி மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகும் வேளையில், அதாவது ஏறத்தாழ 9 மணியைத் தாண்டியபின், கை கால்களில் சிறிது நேரம் வெயில் பட்டால் பயன் உண்டு. ஆனால் மயக்கம் வருமளவுக்கு உச்சி வெயிலில் நிற்கத் தேவையில்லை. கர்ப்பகாலத்தில் முகத்தில் கருமை படர்வதும் அதனால் கூடும்.

கிளினிக்கில் தரும் கல்சியம் லக்டேற் குளிசையில் விற்றமின் டியும் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது கல்சியம் மட்டுமே. (அதையும் இரும்புச்சத்துக் குளிசையையும் ஒரே வேளையில் விழுங்குவது வேறொரு தவறு; இரும்பு உறிஞ்சப்படுவது குறையும்.) சாளை, கும்பளா, முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றில் விற்றமின் டி ஓரளவு உண்டு என்றாலும், கடுமையான குறைபாட்டை உணவு மட்டும் ஈடுசெய்வது அரிது. மீன் ஈரல் எண்ணெயைத் தாமாக வாங்கிக் குடிப்பது நல்லதல்ல, ஏனெனில் அதிலுள்ள விற்றமின் ஏ மிகுந்தால் கருவைப் பாதிக்கலாம்.

விற்றமின் டி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இலக்கத்தை மட்டும் பார்த்து அலகைப் பாராமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. மில்லிலீற்றருக்கு 20 நனோகிராம் என்பதும் லீற்றருக்கு 50 நனோமோல் என்பதும் ஒரே அளவுதான். அதற்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பர். ஆகவே நனோமோலில் வந்த 30, நனோகிராமில் வெறும் 12 ஆகும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை அவசியமென்றும் இல்லை. உலக சுகாதார அமைப்பு, கர்ப்பிணிகள் அனைவருக்கும் வழமையாக விற்றமின் டி கொடுக்குமாறு பரிந்துரைக்கவில்லை. இடுப்பு, தொடை எலும்புகளில் விடாத வலியும், படியேறச் சிரமப்படும் தசைத் தளர்ச்சியும் இருந்தால், "பிள்ளைத்தாய்ச்சிக்கு இது வழக்கம்தானே" என்று விடாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாயின் குறைபாடு கடுமையானால், பிறந்த குழந்தைக்கு இரத்தத்தில் கல்சியம் குறைந்து வலிப்பு வரவும் கூடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது மருந்தளவுக் குழப்பம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகு, அதாவது 15 மைக்கிரோகிராம், போதுமானதாகக் கொள்ளப்படுகிறது; தாமாக 4,000 அலகைத் தாண்டக் கூடாது. குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒன்று என எழுதிக் கொடுக்கப்படும் 60,000 அலகுக் கப்சூலை, அக்கா சொன்னார் என்று தினமும் விழுங்கினால், கொழுப்பில் கரையும் அந்த விற்றமின் உடலிலேயே தங்கி, இரத்தக் கல்சியத்தை ஏற்றி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் தரலாம். கிளினிக்குக்குப் போகும்போது கர்ப்பகாலப் பதிவுக் கொப்பியுடன், பார்மசியில் தனியாக வாங்கிய எல்லாக் குளிசை அட்டைகளையும் எடுத்துச் சென்றால், ஒரே சத்து இரண்டு மூன்று பெயர்களில் உடலுக்குள் போவதை வைத்தியர் உடனே கண்டுகொள்வார்.