தீவு அறையில் பூஞ்சையை விரட்டிய விதம்

வெப்பமண்டலத் தீவுக்குப் படிக்கப் போகிறவர்கள் கொசுவலையை மறப்பதில்லை. ஈரக்காற்றைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் தங்கிய அறையில் மழைக்காலம் தொடங்கியதுமே தோல் செருப்பின் வாரில் சாம்பல் பூத்தது, புத்தக அட்டைகள் வளைந்தன, அலமாரியைத் திறந்தால் ஒரே புழுக்க வாடை.

முதலில் ஒரு ஈரப்பத மானி வாங்கினேன். மலிவான பொருள்தான், ஆனால் அதுதான் வழி காட்டியது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 60க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தலைகாட்டாது. அலமாரிக்குள் 80க்கு மேல் காட்டியது!

அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தேன். பின்பலகையை வினிகரால் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். துணிகளுக்குக் கால்சியம் குளோரைடு டப்பா. ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகச் சேர்க்கும், துணியில் சிந்தாமல் கொட்ட வேண்டும். சான்றிதழ்களுக்கு இறுக மூடும் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும். ஈரம் குடித்தால் நிறமே சொல்லிவிடும். மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம்.

அப்புறம், துணியை அறைக்குள் காயப்போடுவதை அடியோடு நிறுத்தினேன். மானி இறங்கியது பெரும்பாலும் அதனால்தான், அதற்குக் காசே செலவில்லை. ஏசியும் ஈரத்தைக் குறைக்கும், ஆனால் மாணவர் கைக்கு அந்த மின்கட்டணம் தாங்காது.

கிளம்பும்போது தோல் பொருட்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மின்விசிறி, துணிக்கொடி மாதிரியான பெரிய சாமான்களைப் படிப்பு முடித்துக் கிளம்பும் சீனியர்களிடம் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள், சரி என்பார்கள்.