ஐடி வாங்கப் போகிற தம்பிகளுக்கு

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணினான். காலேஜ் முதல் வருடம். "அண்ணே, டெலிகிராம்ல ஒரு ஐடி வருது, நல்ல ரேங்க், கத்தி ஸ்கின் கூட இருக்கு, ஆறாயிரம் சொல்றான், எடுத்துடவா?" என்றான். ஐடி என்றால் ஆன்லைன் கேமில் ஒருவன் வைத்திருக்கிற கணக்கு, ஸ்கின் என்றால் அதில் ஆயுதத்துக்குப் போடுகிற அலங்காரம். எனக்கு 2020 லாக்டவுன் ஞாபகம் வந்துவிட்டது. அன்று நான் இப்படிக்கூட யாரிடமும் கேட்கவில்லை, நேராகப் பணத்தை அனுப்பிவிட்டேன். ஓடிபி சொல்லாதே, பாஸ்வேர்டைக் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கேம் ஆடுகிறவன் செய்யக் கூடாத மற்றதை மட்டும் சொல்கிறேன்.

அடுத்தவன் ஐடியை விலைக்கு வாங்குவது

நான் ஆடியது கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம். 2018 டிசம்பரில் அதை இலவசமாக்கியதும் யார் வேண்டுமானாலும் புது ஐடி போட்டு, ஏமாற்றி ஜெயிக்க உதவுகிற ஹேக் சாஃப்ட்வேரோடு உள்ளே வரலாம் என்று ஆகிவிட்டது. கூட ஆட கொஞ்சமாவது உருப்படியான ஆட்கள் வேண்டுமென்றால் ப்ரைம் என்ற தகுதி இருக்க வேண்டும், அதைக் காசில்லாமல் வாங்க அப்போது 21ஆம் லெவல் வரை ஏற வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு குரூப்பில் பழக்கமான ஆளிடம் 4,500 ரூபாய்க்கு ரேங்க் ஏற்றிய ஐடி வாங்கினேன். மெயில், பாஸ்வேர்ட் எல்லாம் கைமாறியது, பத்திரம் பதிவு முடிந்து சாவி வாங்கிய மாதிரி ஒரு நிம்மதி.

பத்தொன்பதாவது நாள் பேன், அதாவது தடை.

நான் ஒரு ஹேக்கும் போடவில்லை, விற்றவன் போட்டிருக்கிறான். இந்த கேமை நடத்துகிற வால்வ் நிறுவனத்தின் வேக் என்ற ஹேக் பிடிக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறதே, அது ஹேக்கைக் கண்டுபிடித்த நிமிடமே பேன் போடாது. கொஞ்ச நாள் தள்ளி, மொத்தமாகப் போடும். உடனே போட்டால் எதில் மாட்டினோம் என்று ஹேக் எழுதுகிறவனுக்குத் தெரிந்து மறுநாளே திருத்திவிடுவான், அதனால்தான் இந்தத் தாமதம். இந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைப்பே ஓடுகிறது: ஹேக் போட்டு ரேங்க்கை ஏற்ற வேண்டியது, பேன் விழுவதற்குள் என்னை மாதிரி ஒருவன் தலையில் கட்ட வேண்டியது. வேக் பேன் நிரந்தரம், தவறாகப் போட்டது என்று அவர்களே கண்டுபிடித்தாலொழிய எடுக்க மாட்டார்கள். அந்த கேமுக்கான ஸ்கின்களையும் விற்க முடியாது. சரி, புகார் கொடுக்கலாம் என்றால் ஐடியை விற்பதும் வாங்குவதுமே வால்வின் கேம் கடையான ஸ்டீமின் ஒப்பந்தப்படி தப்பு. திருட்டு பைக் வாங்கி ஏமாந்தவன் எந்த முகத்தோடு ஸ்டேஷனுக்குப் போவான்?

பேன் விழாவிட்டாலும் நிம்மதி கிடையாது. முதல் சொந்தக்காரன் பழைய ரசீதைக் காட்டி, என் ஐடியை யாரோ திருடிவிட்டார்கள் என்று அழுது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஐடியை மூன்று பேருக்கு விற்றவனை எனக்குத் தெரியும்.

பணம் போனது கூடப் பெரிதில்லை. அந்த ரேங்க்கில் நிற்கிற அளவுக்கு எனக்கு ஆட்டமே தெரியாது, இருந்த பத்தொன்பது நாளும் கூட ஆடியவர்களிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கினேன். அப்புறம் பேன் விழுந்ததும், புரொஃபைலில் ஊருக்கே தெரிகிற மாதிரி அந்தச் சிவப்பு எழுத்து. நான் போடவில்லை என்று சொன்னால் எவன் நம்புவான்? எங்கள் செட்டில் ஒருவன் சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டுகிற ஹேக்கின் பெயரைச் சேர்த்து இன்னமும் என்னை வால்ஹேக் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். கல்யாணப் பந்தியில் கூட.

"ஒரே ஒரு மேட்ச்சுக்கு" ஹேக் போடுவது

2018 அக்டோபரில் ஷாங்காயில் ஒரு பெரிய கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டி. ஆப்டிக் இந்தியா அணி ஆடிக்கொண்டிருக்கும்போது ஃபோர்சேகன் என்ற பெயரில் ஆடிய வீரரின் கம்ப்யூட்டரை நடுவர் வந்து பார்க்கிறார். ஹேக் இருந்த ஃபைலின் பெயர் வேர்ட்.இஎக்ஸ்இ. ஏதோ லீவ் லெட்டர் டைப் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொள்வார்களாம்! அவருக்கு ஐந்து வருடத் தடை. ஹேக் போடாத மற்ற நான்கு பேருக்கும் சேர்த்து அணியே கலைந்தது. அந்த நான்கு பேரை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மோட் ஏபிகே

கேமை யாரோ திருத்தி வெளியில் விடுகிற ஆண்ட்ராய்டு ஃபைல். வேண்டாம்.

முன்பதிவு

டிஜிட்டல் கடையில் சரக்கு தீராது, அப்புறம் எதற்கு வெளிவராத கேமுக்கு முன்கூட்டியே காசு கட்டி இடம் பிடித்து வைக்கிறீர்கள்? சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்தது 2020 டிசம்பர் 10 அன்று. பழைய பிளேஸ்டேஷனில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை செட்டிங்ஸ் மாற்றுவதிலேயே கரைத்துவிடாதீர்கள், நான் கரைத்திருக்கிறேன்.

லூட் பாக்ஸ்

காசு கொடுத்துத் திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரிகிற பெட்டி. 2018இலேயே பெல்ஜியம் இதைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்துவிட்டது. நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதெல்லாம் நம்முடையது என்று நினைப்பது

தி க்ரூ என்ற கார் கேமை 2014இல் காசு கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. 2024 மார்ச் 31 அன்று அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் சர்வரை அணைத்தது, தனியாக ஓட்டுவதற்குக் கூட இணையம் தேவைப்பட்ட கேம் என்பதால் வைத்திருந்த டிஸ்க் காபி டம்ளர் வைக்கத்தான் ஆனது. கோடைத் தள்ளுபடி என்று நாற்பது கேம் வாங்கி அடுக்கி, அதில் முப்பதைத் திறக்காமலே வைத்திருக்கிறவன் நான். சீக்கிரம் ஆடி முடித்துவிட வேண்டும் என்று பயம் வந்தது அப்போதுதான்.

சித்தி மகனிடம் இதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். "சரிண்ணே, புரியுது" என்றான். ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வந்தது: "நாலாயிரத்துக்கு இறங்கிட்டான்ணே."