கிளாடியேட்டர் கல்லறைக் கல்லை வாசிக்கும் முறை

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி வந்தவன் நான். எழுத்தெழுத்தாகப் பார்க்கும் அந்தப் பழக்கம்தான் என்னை ரோமானியக் கல்வெட்டுகளிடம் கொண்டுவந்தது. லத்தீன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஒரு நோட்டும் பத்துப் பன்னிரண்டு சொற்களும் போதும்.

பழைய ரோமில் கூட்டம் பார்க்கக் களத்தில் ஆயுதத்தோடு மோதிய வீரர்கள்தான் கிளாடியேட்டர்கள். சிசிலித் தீவில் கிடைத்த, ஃபிளாம்மா என்ற கிளாடியேட்டரின் கல்லறைக் கல்லில் தொடங்குங்கள். பெயருக்கு அடுத்து அவர் எந்த வகை வீரர் என்று இருக்கும். இவர் செக்யூட்டோர்: பெரிய கேடயம், குட்டை வாள், முகத்தையே மூடும் வழவழப்பான தலைக்கவசம். எதிரே நிற்பவர் வலைவீரர் ரெட்டியாரியஸ். வலை மாட்டாமல் வழுக்கிவிடத்தான் அந்த வழவழப்பு.

அப்புறம் எண்கள். நான்குக்கு நான்கு கோடுகளே போட்டிருப்பார்கள், குழம்பாதீர்கள். வயது 30, சண்டை 34, வெற்றி 21, ஸ்டான்ஸ் 9, மிஸ்ஸுஸ் 4. பின்னால் வரும் மூன்றையும் கூட்டினால் சரியாக 34 வரும். மிஸ்ஸுஸ் என்பதை நான் முதலில் சாவு என்று குறித்து வைத்திருந்தேன். கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒருவர் நான்கு முறை சாக முடியாதே! தோற்றும் உயிரோடு அனுப்பப்பட்டார் என்பதே பொருள். ஸ்டான்ஸ் என்றால் இருவரும் கடைசிவரை நின்று, வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்த சண்டை. தோற்றவரை உயிரோடு விட்டதில் வியப்பில்லை: சோறு போட்டு, மாதக்கணக்கில் பழக்கிய ஆளை ஒரே நாளில் இழக்க எந்த லானிஸ்டாவுக்கும் மனம் வராது. லானிஸ்டா என்பவர் கிளாடியேட்டர் குழுவை வைத்து நடத்துபவர்.

பெயரை மறுபடி பாருங்கள். ஃபிளாம்மா என்றால் தீச்சுடர். களத்துக்கென்று வைத்த ஒற்றைப் பெயர். பழைய ரோமானிய நகரமான பொம்பெயியின் சுவர்க் கிறுக்கல் ஒன்றில் மார்க்குஸ் அத்திலியுஸ் என்று இரண்டு பெயர் உள்ள ஒரு புதுமுகம் வருகிறார். அப்படிப் பெயர் இருந்தால் அடிமையல்ல, தானாக ஒப்பந்தம் போட்டு வந்தவராக இருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படித் தானாக வந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். ஊர் மன்றத்தில் உட்கார முடியாது. சார்சினா என்ற ஊரில் ஹொராத்தியுஸ் பால்புஸ் என்பவர் ஊராருக்கு இடுகாட்டு நிலம் கொடுத்தபோது, இப்படி ஒப்பந்தம் போட்டவர்களைத் தூக்கிட்டு இறந்தவர்களோடு சேர்த்து விலக்கிவிட்டார். கூட்டம் பெயர் சொல்லிக் கத்திக் கொண்டாடிய ஆட்களுக்கு ஆறடி நிலம் இல்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

அதனால்தான் கடைசி வரியை அவசரமாகத் தாண்டாதீர்கள். யார் கல் நட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கும். ஃபிளாம்மா சிரியாக்காரர். தாய் தகப்பன் பெயர் கல்லில் இல்லை. நட்டவர் தெலிகாத்துஸ், உடன் போரிட்ட தோழர்.

பழகியபின் இத்தாலியின் மிலானில் உள்ள, உர்பிகுஸ் என்ற இன்னொரு கிளாடியேட்டரின் கல்லுக்குப் போங்கள். 13 சண்டை, வயது 22. மனைவி லவுரிகியா அவரோடு வாழ்ந்தது 7 ஆண்டு. மகள் ஒலிம்பியாஸை 5 மாதக் குழந்தையாக விட்டுப் போயிருக்கிறார். அதே கல்லில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: யாரை வென்றாலும் கொன்றுவிடு. மிஸ்ஸுஸ் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி வாசியுங்கள். தான் உயிரோடு விட்டவன் கையாலேயே அவர் இறந்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.