"முதல்ல போய்க் குளி": கல்லூரியில் பாலியல் வன்முறை நடந்தபின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாஸ்டல் அறைக்கு அழுதுகொண்டே வரும் தோழியிடம் "முதல்ல போய்க் குளிச்சுட்டு வா" என்போம். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் தண்ணீரோடு தடயமும் போய்விடும். குளியல், வாய் கொப்பளிப்பு, உடை மாற்றம் எல்லாம் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு. ஏற்கெனவே குளித்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். சுகாதார அமைச்சக வழிகாட்டுதல்படி 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்கலாம். அன்றைய துணிகளைத் துவைக்காமல் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீன் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். குடித்ததில் ஏதோ கலந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அது சிறுநீரில் அதிக நேரம் தங்காது.

"எஃப்ஐஆர் இருந்தால்தான் பார்ப்போம்" என்று எந்த மருத்துவமனையும் சொல்லக்கூடாது. அரசு, தனியார் இரண்டுமே உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) பிரிவு 397. மறுத்தால் அதுவே குற்றம். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லும். ஆனால் புகார் இப்போது வேண்டாம் என்று அவள் சொன்னால் அதை எழுதி வைத்துக்கொண்டு சிகிச்சை தர வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இலும் கண்டித்துச் சொன்னது.

மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்டதோடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. கர்ப்பத்தைத் தடுக்கத்தான், எச்ஐவியைத் தடுக்காது. அதற்கான மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

கல்லூரிக்குள் அதிகம் நடக்கும் தவறு, வார்டனிடமோ ஹெச்ஓடியிடமோ வாயால் சொல்லிவிட்டுப் புகார் கொடுத்தாகிவிட்டது என்று இருந்துவிடுவது. உள்புகார் குழுவுக்கு (ஐசிசி) எழுத்தில், 3 மாதத்துக்குள் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை நடக்கும்போதே குற்றம் சாட்டப்பட்டவனை வேறு பிரிவுக்கு மாற்றவும், அவளுக்கு விடுப்பு தரவும் குழுவிடம் கேட்கலாம். "காலேஜ் பேரு போயிடும், பேசித் தீர்த்துக்கலாம்" என்பார்கள். சமரசத்தை அவளாகக் கேட்டால்தான் குழு எடுக்கலாம். அப்போதும் பணம் கொடுத்து முடிக்கக்கூடாது. குழுவால் கைது செய்ய முடியாது, அதற்குப் போலீஸ்தான். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

"இது எங்க லிமிட் இல்லை" என்று போலீஸ் ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியும் எஃப்ஐஆர்) கேளுங்கள். பெண் அதிகாரிதான் வாக்குமூலம் பதிவு செய்ய வேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம், நகல் இலவசம். பதிய மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்பிக்கு (காவல் கண்காணிப்பாளர்) அனுப்பலாம்.

சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் எதையும் போடாதீர்கள். பாதிக்கப்பட்டவளின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் எஃப்ஐஆர் 2024 டிசம்பரில் கசிந்தபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

புகார் தருவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. ஒரு விதிவிலக்கு: முதலாமாண்டு மாணவிக்குப் பல சமயம் 17 வயதுதான் ஆகியிருக்கும். 18-க்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர்கள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. மற்றபடி பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் மாவட்டத்தின் ஒன் ஸ்டாப் சென்டருக்கு (பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையம்) வழி சொல்வார்கள். தூக்கமில்லாமல் தவிக்கும் இரவுகளுக்கு மனநல உதவி எண் 14416.