சின்ன அவுட்போர்ட் எஞ்சின் பூட்டி ஏரியில் தூண்டில் இழுக்கப் பழகுவோம்

வைகாசி பிறந்தால் போதும், கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து யாராவது ஒருவர் கூப்பிடுவார்: “அண்ணை, 14 அடி அலுமினியப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கு. 9.9 குதிரை வலு எஞ்சினும் சேர்த்துத் தருகினமாம். எடுக்கலாமோ?”

எடுக்கலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு அந்தப் படகையும், அதன் பின்பலகையில் வெளியே தொங்கும் அவுட்போர்ட் எஞ்சினையும்விடப் பொருத்தமான சோடி கிடையாது. ஆனால் எடுத்த அன்றே ஏரிக்கு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு பின்னேரத்தை வீட்டு ட்ரைவ்வேயில் செலவழியுங்கள். அங்கே என்ன பார்க்கவேண்டும், பிறகு தண்ணீரில் என்ன செய்யவேண்டும் என்பதை நான் செய்கிற ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் பற்றி. படகிலிருந்து இப்படித் தூண்டில் இழுப்பதை ட்ரோலிங் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் பலருக்கு ட்ரோலர்தான் நினைவுக்கு வருகிறது. ட்ரோலர் இழுவை மடியால் கடலடியை வாரி அள்ளுகிற படகு. இலங்கையில் 2017இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். ட்ரோலிங் வேறு. படகு மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு தூண்டிலில் போலிமீன் நீந்தி வரும். ஒரு தடி, ஒரு நூல், ஒரு மீன். அவ்வளவுதான். இதில் எஞ்சினின் வேலை வேகமாக ஓடுவது அல்ல, மெதுவாகவும் சீராகவும் ஓடுவது. கீழே சொல்லும் எல்லா வேலையும் அதற்காகத்தான்.

காகிதங்கள்

எஞ்சின் பூட்டிய எந்தப் படகை ஓட்டவும் கனடாவில் படகோட்டும் அட்டை வேண்டும். 2009 செப்டெம்பரிலிருந்து வயது வேறுபாடின்றி எல்லாருக்கும் இது கட்டாயம். பரீட்சை கஷ்டமில்லை, இணையத்திலேயே எழுதலாம். எஞ்சின் 10 குதிரை வலு அல்லது அதற்கு மேல் என்றால் படகுக்கு இலக்கமும் எடுத்து இரு பக்கமும் ஒட்டவேண்டும். மீன்பிடி அனுமதி தனி. எந்த மீனை எந்த மாதத்தில் பிடிக்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பது ஏரிக்கு ஏரி மாறும். ஒன்ராறியோ அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதிமுறைத் தொகுப்பில் அதைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

முதல் வேலை: தண்டின் நீளம்

தண்டு என்பது எஞ்சினிலிருந்து புரொப்பெலர் வரை கீழே இறங்கும் கால். அளவுநாடாவை எடுத்து, எஞ்சின் தொங்கும் பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிப்பாகம் வரை அளந்து பாருங்கள். 15 அங்குலம் வந்தால் குட்டைத் தண்டு எஞ்சின், 20 அங்குலம் வந்தால் நீளத் தண்டு எஞ்சின். மாறிப் பூட்டினால் எதுவும் சரிவராது. குட்டைத் தண்டை உயரமான பலகையில் பூட்டினால் புரொப்பெலர் காற்றைக் குடித்து வெறுமனே அலறும். நீளத் தண்டை பதிந்த பலகையில் பூட்டினால் ஆழம் குறைந்த இடத்தில் கல்லில் மோதும், ஓடும்போதும் தண்ணீரை வீணாகக் கிழித்துக்கொண்டு போகும்.

படகின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டையும் பாருங்கள். எத்தனை குதிரை வலு வரை பூட்டலாம், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அதில் இருக்கும். அந்த எண்ணைத் தாண்டவேண்டாம்.

தூக்கிப் பூட்டுவது

9.9 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறக்குறைய 40 கிலோ. இரண்டு பேராகத் தூக்குங்கள். பலகையின் சரி நடுவில் வைத்து, இரண்டு திருகுகளையும் கையால் இறுக்குங்கள். குறடு போட்டு நெரித்தால் மரம் நசுங்கும். ஓடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அதிர்வினால் திருகுகள் கொஞ்சம் தளரும். அப்போது மறுபடியும் ஒரு முறை இறுக்கவேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். எஞ்சினைப் படகோடு சேர்த்து ஒரு இரும்புக் கேபிளும் கட்டுங்கள். திருகு கழன்றாலும் எஞ்சின் ஏரிக்குள் போகாது.

புரொப்பெலருக்கு நேர் மேலே இறக்கை போல் ஒரு தட்டையான தகடு இருக்கும். நேரான பலகை ஒன்றைப் படகின் அடியோடு ஒட்டிப் பின்பக்கம் நீட்டிப் பிடியுங்கள். தகடு அந்தப் பலகைக்கு நேராகவோ ஒரு அங்குலம் கீழேயோ வரவேண்டும். பிறகு சரிவு. எஞ்சின் சாய்வதைத் தீர்மானிக்கும் ஊசி ஒன்று பூட்டுக்குள் செருகியிருக்கும். படகு ஓடும்போது தண்டு நீருக்குச் செங்குத்தாக நிற்குமாறு அதன் துளையைத் தெரிவு செய்யுங்கள். ஓடும்போது அணியம், அதாவது படகின் முன்பக்கம், வானத்தைப் பார்த்தால் எஞ்சினை ஒரு துளை உள்ளே இழுங்கள். அணியம் நீரை உழுதால் ஒரு துளை வெளியே விடுங்கள்.

எண்ணெயும் தண்ணீரும்

பழைய எஞ்சின் வாங்கினால் நான் முதலில் கழற்றுவது கியர் பெட்டியின் அடித் திருகைத்தான். கீழே ஒரு பழைய தகர டப்பா வைத்துத் திருகை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் சொட்டுவதைக் கவனியுங்கள். தேன் நிறமோ கறுப்போ என்றால் கவலையில்லை. பால்தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, சீல் பழுது. விற்றவர் “போன வருஷம்தான் சேர்விஸ் செய்தது” என்று எனக்குச் சொன்ன எஞ்சினில் இந்தப் பால்தேநீர்தான் வந்தது. அன்றிலிருந்து காசு கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுகிறேன். புது ஒயிலைக் கீழ்த் துளையால் பம்ப் பண்ணி, மேல் துளையால் வழியும்வரை ஏற்றவேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

பெற்றோல் விஷயத்தில் ஒரே கேள்விதான்: இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கா? நான்கு என்றால் வெறும் பெற்றோல், ஒயில் எஞ்சினுக்குள் தனியாக இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக் என்றால் பெரும்பாலும் 50க்கு 1 கலவை, அதாவது 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் அவுட்போர்ட் ஒயில். எஞ்சினின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

தாங்கியிலிருந்து வரும் குழாயின் நடுவில் ஒரு றப்பர் குமிழ் இருக்கும். அதில் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கவேண்டும். குமிழை நிமிர்த்திப் பிடித்து, கல்லுப்போல் இறுகும்வரை அமுக்குங்கள். தாங்கி மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் திருகைத் திறவுங்கள். என் முதல் கோடையில் இதைத் திறக்க மறந்து, கரையிலிருந்து நெடுந்தூரம் போனபின் எஞ்சின் இருமி இருமி நின்றது. அரை மணி நேரம் கயிறு இழுத்தும் உயிர் வரவில்லை. கடைசியில்தான் குமிழைப் பார்த்தேன். உறிஞ்சப்பட்டு வற்றல் மிளகாய் போல் ஒட்டிக்கிடந்தது. திருகை இரண்டு சுற்றுத் திருப்பியதும் “உஸ்” என்று காற்று உள்ளே போக, அடுத்த இழுவையிலேயே எஞ்சின் பிடித்தது.

இனி எஞ்சினை ஓடவிடலாம், ஆனால் தண்ணீர் இல்லாமல் ஒரு விநாடிகூட வேண்டாம். காதுமூடி போன்ற இரண்டு றப்பர் கிண்ணங்கள் கடையில் கிடைக்கும். தோட்டக் குழாயை அதில் பூட்டி, எஞ்சின் தண்ணீர் உறிஞ்சும் இரண்டு பக்கத்திலும் மாட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்துச் சின்னத் துளையால் தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும். பென்சில் தடிப்பில் உறுதியாக வந்தால் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தால் உடனே நிறுத்துங்கள். துளை அடைபட்டிருக்கலாம், அல்லது உள்ளே தண்ணீர் இறைக்கும் றப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம். அந்தச் சக்கரம் சில பருவங்களுக்கு ஒரு முறை மாற்றவேண்டியதுதான். விலை குறைவு. மாற்றாமல் விட்டால் எஞ்சினே போய்விடும்.

சிவப்புக் கயிறு

கைப்பிடியில் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள்கயிறு தொங்கும். அதை மணிக்கட்டில் அல்லது உயிர்காப்பு அங்கியில் மாட்டாமல் கியரைத் தொடவேண்டாம். கைப்பிடி எஞ்சினில் ஓட்டுபவர் தவறி விழுந்தால், எஞ்சின் தானாகத் திரும்பிப் படகு வட்டமடிக்கத் தொடங்கும். விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே புரொப்பெலர் திரும்பி வரும். ட்ரைவ்வேயில் வைத்தே கயிற்றை ஒரு முறை இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள்.

அங்கியையும் போட்டுக்கொள்ளுங்கள், இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டுப் போகவேண்டாம். வைகாசியில் வெயில் சுட்டாலும் தண்ணீர் பனிக்கட்டியின் பிள்ளைதான். குளிர்நீர் பாதுகாப்பில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லித் தருகிறார்கள்: விழுந்ததும் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் திணறும்போது தலையை மேலே வைத்திருப்பது அங்கிதான். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

தண்ணீரில்

பழகுவதற்கு ரைஸ் ஏரியைச் சொல்வேன். ஒரு காலத்தில் அங்கே செழித்த காட்டு அரிசியால் வந்த பெயர். ஸ்காபரோவிலிருந்து மேற்கு முனையான பியூட்லிக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். ஆழம் குறைவு, மீனும் நிறைய. ஆழம் குறைந்த ஏரியில் காற்று எழும்பினால் அலை சட்டென்று செங்குத்தாகும். காற்று கூடும் நாளில் கரையோரமாகவே நில்லுங்கள். சிம்கோ ஏரி 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்து, 40 மீற்றர் ஆழம்வரை போகிறது. அதை அடுத்த வருஷத்துக்கு வையுங்கள்.

நாம் தேடுவது வோலாய் என்ற மீனை. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் மற்ற மீன் தடுமாறும்போது அதற்கு நன்றாகத் தெரியும். ஆகவே பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் நம் நேரம். இருட்டுப்பட்டால் படகுக்கு விளக்கு கட்டாயம்.

நூலின் நீளத்தை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் தங்கூசி அளப்பதுபோல் கைகளை விரித்துப் பாகம் பாகமாக இழுத்து, 12 பாகத்தில் ஒரு நிற நூல் முடிச்சுப் போடுங்கள். அது 20 மீற்றரைக் கொஞ்சம் தாண்டும். ரைஸ் ஏரிக்கு அது போதும். நூலைக் கூட விட்டால் போலிமீன் இன்னும் ஆழம் போய்ப் பாசியை அள்ளும். எந்தப் போலிமீன் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது அதன் பெட்டியிலேயே இருக்கும். 3 மீற்றர் ஆழமான பாசி ஓரத்துக்கு இரண்டு மீற்றர் இறங்குவதாகப் பார்த்து எடுங்கள்.

இனி வேகம். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் செயலியில் மணிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோமீற்றர் காட்டவேண்டும், நாம் நடப்பதைவிட மெதுவாக. போலிமீனைத் தூர விடுவதற்கு முன் படகோரத்தில் நீரில் இழுத்துப் பாருங்கள். 1936இல் பின்லாந்தில் லௌரி ரபாலா தன் முதல் போலிமீனைத் தக்கையில் செதுக்கியபோது அவர் பிடிக்க நினைத்தது காயப்பட்ட சின்ன மீனின் தள்ளாட்டத்தைத்தான். அந்தத் தள்ளாட்டம் கண்ணுக்குத் தெரிகிற வேகமே சரியான வேகம். ஒருபக்கமாகச் சாய்ந்து சுழன்றால் வேகம் கூடிவிட்டது. செத்த மீனாக வந்தால் குறைந்துவிட்டது.

எஞ்சினை ஆகக் குறைத்தும் படகு வேகமாகப் போகிறதா? 20 லீற்றர் வாளியின் அடியில் நாலைந்து துளை போட்டு, கயிற்றில் கட்டி படகின் நடுப்பக்கத்தில் தொங்கவிடுங்கள். பின்பக்கத்தில் கட்டினால் கயிறு புரொப்பெலரில் சுற்றிக்கொள்ளும், ஆகவே அது வேண்டாம். காற்றுக்கு எதிராக ஓடுவதும் உதவும், வேகம் தானாகக் குறையும், திசையும் கையில் நிற்கும்.

பிறகு பார்வை முழுவதும் தடி நுனியில் இருக்கட்டும். போலிமீன் சரியாக நீந்தும்போது நுனி இடைவிடாமல் சன்னமாகத் துடிக்கும். துடிப்பு நின்றால் பாசி பிடித்துவிட்டது, இழுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். ரைஸ் ஏரியில் இது அடிக்கடி நடக்கும். சோம்பல்பட்டு பாசியோடு இழுத்துத் திரிந்தால் மாலை முழுக்க ஒன்றும் படாது.

நேர்கோட்டில் ஓடாதீர்கள். பாம்புபோல் மெல்ல வளைந்து போங்கள். ரைஸ் ஏரியில் ஆளுக்கு ஒரு தடிதான் அனுமதி, இரண்டு பேர் போனால் பக்கத்துக்கு ஒன்று. திரும்பும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகும், உள்பக்கத் தூண்டில் மெதுவாகும். வெளிப்பக்கத்தில் அடித்தால் மீன் வேகத்தைக் கேட்கிறது, கொஞ்சம் கூட்டுங்கள். உள்பக்கத்தில் அடித்தால் குறையுங்கள். திரும்பும் வட்டத்தைப் பெரிதாக வைத்தால் நூல் சிக்காது.

மீன் பட்டதும் எஞ்சினை நிறுத்திவிடுவது புதியவர் எல்லாரும் செய்வது. நிறுத்தினால் நூல் தளர்ந்து தூண்டில் கழன்றுவிடும். ஓட்டத்தை விடாமல், ஆகக் குறைந்த வேகத்தில் முன்னோக்கியே வைத்திருங்கள். மற்றவர் தன் நூலைச் சுருட்டி எடுக்கட்டும். மீன் வலைக்கு எட்டும் தூரம் வந்தபிறகுதான் நியூட்ரல். வலையை மீனின் தலைப்பக்கமாகப் பிடியுங்கள்.

கரைக்கு வந்தபின்

படகைத் தண்ணீரிலிருந்து இழுத்ததும் படகின் அடித்துளையை அடைத்திருக்கும் அடித்தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுங்கள். புரொப்பெலரிலும் ட்ரெயிலரிலும் சுற்றிய பாசியைக் கையால் அகற்றுங்கள். ஒரு ஏரியின் பாசியும் சிப்பியும் இன்னொரு ஏரிக்குப் போகாதிருக்க, 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டம். எஞ்சினையும் சில நிமிடம் நேராகத் தொங்கவிட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் இறங்கிவிடும். இது பனிக்காலத்துக்கு மிக முக்கியம். மிஞ்சிய தண்ணீர் உறைந்தால் உள்ளே வெடிப்பு வரும். எதனோல் கலந்த பெற்றோலும் மாதக்கணக்கில் நின்றால் கார்பரேற்றரில் பிசினாகும். கடைசி ஓட்டத்துக்குப் பிறகு, தண்ணீர்க் கிண்ணங்களை மாட்டிக்கொண்டே பெற்றோல் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

கழற்றிய அடித்தக்கையை வாகனச் சாவியோடு கோத்து வையுங்கள். அடுத்த முறை சரிவுப்பாதையில் படகை இறக்க வாகனத்தைத் திருப்பும்போது, தக்கை கையிலேயே இருக்கும்.