மலையில் வீட்டு ஃபினிஷிங்: முதலில் ஈரம் காயட்டும்

நான் இருப்பது மஸ்கட்டில், வீடு எழும்பியது கோத்தகிரியில். மொத்தக் கான்ட்ராக்ட் விடாமல் கொத்தனார், எலக்ட்ரீஷியன், பெயின்டர் என்று தனித்தனியாகப் பேசி, மச்சானை மேற்பார்வைக்கு வைத்துக் கட்டினேன். கான்கிரீட் போட்டு முடிப்பது பாதிக் கிணறு தாண்டுவது மாதிரிதான். பணமும் மனசும் கரைவது அதற்கப்புறம் வரும் வேலைகளில்.

மலையில் பெரிய எதிரி ஓதம். நாங்கள் நவம்பரில், வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, சுவர் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறது என்று பெயின்டர் சொன்னதை நம்பி, பெயின்டுக்கு முன் சுவரைச் சமமாக்கும் பட்டி பார்க்க விட்டுவிட்டோம். அடுத்த மழைக்குள் வடக்குச் சுவர் முழுக்க உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, சுரண்டி எடுத்து மறுபடி முதலிலிருந்து செய்தோம். கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. பூச்சு முடிந்து ஒரு வாரம் தண்ணீர் விட்ட பிறகு குறைந்தது நாலு வாரம் ஆறவேண்டும், மலையில் அதற்கு மேலும் ஆகும். ஜனவரி கடைசியில் பட்டி ஆரம்பித்துக் கோடை மழைக்குள் வெளிப்பக்க பெயின்டை முடிப்பதுதான் என் கணக்கு. பனிக்காலத்தில் வெயில் ஏறின பிறகே பூசச் சொல்லுங்கள்.

பூச்சுக்கு முன்னால், சுவரில் காடி (பள்ளம்) வெட்டிப் பைப் பதித்ததும் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் கீசர் மாட்ட டிரில் போடும்போது அந்தப் படம்தான் பைப்பைக் காப்பாற்றும். சுடுதண்ணீர் லைன் சூடு தாங்கும் சிபிவிசி பைப்பாக இருக்கட்டும், சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். பாத்ரூமோடு நிறுத்தாமல் சமையலறைத் தொட்டிக்கும் ஒரு லைன் இழுங்கள், டிசம்பர் காலையில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃப் அடித்ததும் டைல்ஸுக்கு அவசரப்படாதீர்கள். தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விட்டு, கீழ்த் தளத்துச் சீலிங்கையும் வெளிச்சுவரையும் பார்க்கவேண்டும். தரை ஓட்டையை நோக்கிச் சரிய, நாலு அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் போதும். டைல்ஸ் ஒட்டியதும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். மூலையில் தேங்கி நின்றால் கொத்தனார் இருக்கும்போதே பிரித்துச் சரிசெய்துவிடலாம்.

டைல்ஸைப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலையேறி வந்த பிறகு ரெண்டு பெட்டி குறைந்தால், லாரி வாடகையும் போய் நிறமும் ஒத்துவராது.

கீழ்நாட்டிலிருந்து வரும் கதவு மலை ஈரத்தைக் குடித்து உப்பும். ரெண்டு மூணு வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து அப்புறம் மாட்டுங்கள். தச்சர்கள் கதவின் மேல்முனையையும் அடிமுனையையும் வார்னிஷ் போடாமல் விட்டுவிடுவார்கள். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான், அதனால் மாட்டுவதற்கு முன் ஆறு பக்கமும் அடித்தாயிற்றா என்று மச்சான் மாதிரி ஒருவர் நேரில் பார்க்கவேண்டும்.

கூலியை வேலை முடிய முடியக் கொடுங்கள். ஆனால் வெளிச்சுவர் பெயின்ட்டுக்கும் ஜன்னலுக்கும் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பெய்து பார்க்கும் வரை நிறுத்திவைப்பதாக முதல் நாளே பேசிவிடுங்கள், அப்போது மனக்கசப்பு வராது. மிஞ்சின டைல்ஸைப் பத்திரமாக அடுக்கி, பெயின்ட் ஷேடு நம்பரை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதிவையுங்கள்.