பேட்டரி மிஷினுக்கும் பிளக் உண்டு

மாடுலர் கிச்சன் வேலையில் எனக்கு இது 17ஆவது வருஷம். மதுரையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். நான் தொழில் கற்றது ஒயரில் ஓடும் டிரில், கிரைண்டர் மிஷின்களில். "பிட்டைத் தொடுறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்குடா" என்று ஆசாரி தினமும் சொல்வார். பிட் என்றால் டிரில் முனையில் மாட்டும், துளை போடும் துண்டு. பேட்டரி மிஷின் வந்ததும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போய்விட்டது. பிடுங்குவதற்கு ஒயரே இல்லையே!

அது கடைசியில் என் தங்கை மகனின் உள்ளங்கையில் வந்து முடிந்தது. கதவுக்குக் கீல் குழி போடும் 35 எம்எம் பிட்டை மாற்ற, மிஷினை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தான். பேட்டரி மாட்டியபடியே இருந்தது. டிரிகர் தொடையில் அழுந்தி, பிட் ஒரு சுற்றுதான் சுற்றியது. நாலு தையல். அன்றிலிருந்து என் பட்டறையில் பேட்டரிதான் பிளக். பிட், பிளேடு, வீல் எதை மாற்றினாலும் முதலில் பேட்டரி கழன்று தரைக்கு வர வேண்டும். ஏணி ஏறும்போதும், மிஷினைக் கை மாற்றும்போதும் முன்பின் சுற்றும் பட்டனை நடுவில் நிறுத்துங்கள், டிரிகர் பூட்டிக்கொள்ளும். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முனையை, அதாவது 'சக்'கை, கையால் இறுக்கிப் பிடித்து, டிரிகரை அழுத்திப் பிட் மாட்டுகிற வேகக்காரர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

டிரில்லின் கழுத்து வளையத்தில் உள்ள எண்கள் அழகுக்கு இல்லை. எவ்வளவு இறுக்கம் வந்ததும் பிட் சுற்றுவது நிற்க வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கும். ப்ளைவுட்டில் ஸ்க்ரூ போடும்போது சின்ன எண்ணில் தொடங்கி, தலை சமமாக உட்காரும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 'டக் டக்' சத்தம் கேட்டால் போதும் என்று அர்த்தம். டிரில் படம் போட்ட இடத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் பிட் சிக்கினால் மிஷின் உங்கள் மணிக்கட்டைத் திருகும். பக்கக் கைப்பிடி கொடுத்திருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். சுவரில் துளை போடும்போது சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போடாதீர்கள். ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். சுற்றுகிற பிட்டுக்குப் பக்கத்தில் துணி கையுறை, தோளில் துண்டு, முழுக்கைச் சட்டை எதுவும் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் வேண்டும்.

கிரைண்டர் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். நாலு அங்குல மிஷினில் வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு, மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிறார்கள். அது நிமிஷத்துக்கு 8,000, 10,000 சுற்று ஓடுகிற மிஷின். பல் மரத்தில் கடித்தால் மிஷின் ஆளை நோக்கித் துள்ளும். மரத்துக்கு வட்ட ரம்ப மிஷின் தனியாக இருக்கிறது. கட்டிங் வீல் வாங்கும்போது அதில் அச்சடித்த வேகம் மிஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வீல்களில் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தகர வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் பொறித்திருக்கும்.

இனி பேட்டரி. 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக நிற்கின்றன. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 21. ஆகவே கடையில் '21 வோல்ட்' என்று விற்பதும் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான். எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு தராதீர்கள். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டு சார்ஜ் போடச் சொல்வார்கள். இப்போது வரும் லித்தியம் பேட்டரிக்கு அது கெடுதல். இழுவை குறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. பல கம்பெனிகளின் புத்தகத்தில் 10 முதல் 40 டிகிரிக்குள் சார்ஜ் போடு என்றுதான் இருக்கும். சித்திரையில் எங்கள் தகரக் கொட்டகை அதைத் தாண்டிவிடும். அதனால் காலை ஏழு மணிக்குள், வீட்டுக்குள், டைல்ஸ் தரையில் வைத்து சார்ஜ் போடுகிறோம். மெத்தை மேலும் மரத்தூள் பக்கத்திலும் வைப்பதில்லை, ராத்திரி முழுக்க விடுவதும் இல்லை. ஓடிச் சூடான பேட்டரியை அரை மணி நேரம் ஆறவிட்டே போடுகிறோம். ஒருமுறை ஸ்க்ரூ கிடந்த பையிலேயே பேட்டரியைப் போட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டு போவதற்குள் பை சுட்டது. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு ஸ்க்ரூ குறுக்கே விழுந்திருந்தது. இப்போது மூடி போடாமல் எந்தப் பேட்டரியும் பைக்குள் போகாது. பல நாள் வேலை இல்லையென்றால் பாதி சார்ஜில், மிஷினிலிருந்து கழற்றி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

சாயங்காலம் பேட்டரியைக் கழற்றிவிட்டு, காற்றுத் துளைகளில் உள்ள தூளைப் பிரஷால் தட்டிவிடுங்கள். மிஷினின் உடம்பை லேசான ஈரத்துணியால் துடைத்தால் போதும். தின்னர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். சீலிங்கில் துளை போடும்போது பழைய ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து பிட்டில் கோத்துக்கொண்டால் சிமெண்ட் தூள் சக்குக்குள் இறங்காது. மோட்டாரில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டிகள் உள்ள மிஷினில் பொறி அதிகமாகி வாடை வந்தால் இரண்டு கார்பனையும் ஜோடியாக மாற்றுங்கள்.

உப்பிய பேட்டரி, உயரத்திலிருந்து விழுந்து விரிசல் விட்ட பேட்டரி, சும்மா இருக்கும்போதே சுடுகிற பேட்டரி, இவற்றை வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் தள்ளி வையுங்கள். பிரித்துப் பார்க்காதீர்கள். குப்பை வண்டியில் போட்டால் அது நசுங்கித் தீப்பிடிக்கலாம். அள்ளுகிறவர் கையிலேயே அது வெடிக்கலாம். இந்தியாவில் 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி, தீர்ந்த பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருடையது. முனைகளில் டேப் ஒட்டி, சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.